மகள் என்னைப் பேட்டி எடுத்த நாள்

மகள் பதினைந்து வயதில் பள்ளிப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினாள். ஜெர்மனியில், டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அவளோடு படித்த ஒரு ஜெர்மன் பிள்ளை, துப்பாக்கி சுடும் கழகத்தில் பயிற்சி எடுத்துப் போட்டிகளுக்கும் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பற்றியும், அந்த வயதுப் பிள்ளைகளை நம்பித் துப்பாக்கியைக் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றியும் எழுதப்போகிறேன் என்றாள் மகள்.

"கழகத்துக்குக் காரில கொண்டுபோய் விடுறன். நான் உள்ளுக்கு வரேல்லை."

"இல்லை அம்மா, நீங்களும் வாங்கோ."

உள்ளே கோப்பி வாசம். மேசையில் யாரோ சுட்டுக்கொண்டு வந்த கேக். நான் எதிர்பார்த்துப் போனது இதை அல்ல.

அந்தப் பிள்ளை நீளமான ஒரு பெட்டியோடு வந்து, "திறக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள். நான் தலையாட்டினேன். காற்றுத் துப்பாக்கி. குழலுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு நூல் ஓடியது. உள்ளே குண்டில்லை என்பதற்கு அதுதான் அடையாளமாம். வெறுமையாக இருந்தாலும் ஆளின் பக்கம் திருப்பக் கூடாது, திருப்பினால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள். மகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

அவர்களுடைய வயதில் நான் யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். துப்பாக்கியைப் பார்க்காத மாதிரி நடக்கப் பழகியிருந்தேன். துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் அனுமதி கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் மகளிடம், "நீயும் சுட்டுப் பார்க்கிறாயா?" என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா கூடவே நிற்கிறீர்கள். நீங்கள் சம்மதித்தால் போதும்" என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் "ஓம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. சோடாப் போத்தல் திறப்பது போலத்தான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குண்டுகள் வட்டத்தின் நடுவுக்குக் கிட்டப் போகத் தொடங்கின. கை ஆடாமல் நன்றாக நிற்கிறது என்று அந்தப் பெண் பாராட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கைதட்ட எழுந்த கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் நான் சமைத்து முடித்ததும், மகள் குசினி மேசையில் கைபேசியை வைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாற்றுக் கருத்தும் வேண்டும் என்று பத்திரிகையைப் பார்க்கும் ஆசிரியர் சொல்லிவிட்டாராம்.

"நீங்கள் எதிர்ப்பு எண்டு போடட்டோ?"

"எதிர்ப்பெண்டு சொல்லேலாது."

"அப்ப ஆதரவோ?"

"அதுவுமில்லை."

"அம்மா, ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ."

"அந்தப் பிள்ளை கேட்டுத்தானே பெட்டியைத் திறந்தது. அது எனக்குப் பிடிச்சது. நீயும் நல்லாத்தான் சுட்டனி. அது பிடிச்சதோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

"யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் உங்களிட்ட அப்பிடிக் கேக்கேல்லையோ?"

"இல்லை."

அவள் ஒலிப்பதிவை நிறுத்தினாள். "இதை எழுதட்டோ?"

"எழுதாதை" என்றேன். பிறகு, "உன்ர விருப்பம்" என்றேன்.

கட்டுரை வந்தது. அந்தப் பிள்ளையின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: அங்கு நின்ற ஒரு தாய், தன்னால் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றார். யாருடைய தாய் என்று இல்லை, எந்த நாடு என்றும் இல்லை. மகள் என்னைக் காப்பாற்றினாளா, சுருக்கிவிட்டாளா? 

சில வாரங்கள் கழித்து, கழகத்தில் சேரட்டுமா என்று கேட்டாள். அப்பாவைக் கேள் என்றேன். அவர் அம்மாவைக் கேள் என்றார். நாங்கள் இப்படி ஆளை ஆள் காட்டிக்கொண்டிருக்க, அவள் ஹேண்ட்பால் அணியில் சேர்ந்துவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.