ஈரத்தில் உழுத கொல்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் அடி அண்ணாமலையில் எங்களுக்கு ஒரு கொல்லை, மழையை நம்பிய புன்செய், இருந்தது. அதில் விளையும் மல்லாட்டைதான், வேர்க்கடலைதான், அண்ணன் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்குமான சோறு. நான் டவுனில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மழை பெய்த நாள், விதைத்த நாள், காய் பிடுங்கிய நாள் எல்லாம் என் டைரிகளில் உண்டு.

கொல்லைக்குப் பகை அருகம்புல். அண்ணன் அதற்காகவே சித்திரை வெயிலில் ஏர் பூட்டுவார். புரண்ட கட்டிகளிலிருந்து கொடியையும் வேரையும் பொறுக்கிப் பாறைமேல் காயப்போட்டு, சருகானதும் கொளுத்துவார். இதை நான் ஓர் ஆண்டுகூட எழுதி வைக்கவில்லை. புல் பொறுக்குவதெல்லாம் குறித்துவைக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சித்திரையில் அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்தார். கொல்லையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வைகாசியில் நல்ல மழை. பழைய டைரிகளைப் புரட்டினேன். முதல் மழைக்கு மூன்றாம் நாள் உழவு என்றிருந்தது. லீவு போட்டு, ஆள் வைத்து, ஈரத்திலேயே உழுதேன். கொழு ஒவ்வொரு கொடியையும் துண்டு துண்டாக நறுக்கி மண்ணுக்குள் நட்டது. மேலே கிடந்ததை வாரி வரப்பில் போட்டேன். பிள்ளையாருக்குச் சாத்துகிற புல்லைக் கொளுத்த மனம் வரவில்லை.

ஆனியில் விதைத்தேன். ஆடிக்குள் புல் மூடிவிட்டது. அண்ணி வெட்ட வெட்டத் துளிர்த்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் பக்கத்துத் தெருப் பெண்கள் அருகம்புல் பறிக்கக் கூடையோடு கொல்லைக்கு வந்தார்கள்.

"இன்னா மாமா, இந்த வருசம் புல்லா வெதச்சீங்க? மல்லாட்டை கம்மி, புல்லு ஜாஸ்தி" என்றாள் ஒருத்தி.

அண்ணி நிமிரவில்லை. "பறிச்சிக்கினு போங்கடி. பிள்ளையாராவது துன்னட்டும்."

அண்ணன் கம்பு ஊன்றி வந்து ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் இரண்டு பொக்குக் காய்.

"எல்லாத்தையும் எழுதி வெப்பியேடா. சித்திரையில புல்லு பொறுக்கறத எழுதலியா?"



ஐப்பசியில் அண்ணன் மாடுகளை விற்றுவிட்டு, அண்ணியோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில், "ஆபீசுக்கு நேரமாவுது, போ" என்றார். மூன்றாம் ஆண்டு அங்கேயே இறந்தார். எரித்த மறுநாள்தான் எனக்குத் தகவல் வந்தது. அந்தத் தேதி டைரியில் இருக்கிறது.

சித்திரை தவறாமல் கொல்லைக்குப் போகிறேன். ஊர் மாடுகள் மேய்கின்றன. எவ்வளவு காய்ந்தாலும் அந்த வெயில் புல்லின் அடிவேர் வரை போவதில்லை. யாராவது புரட்டிப்போட வேண்டும்.