பத்து நிமிஷம் தள்ளி ஒரு வீடு

ராக்கெட் ஏறாத விண்வெளிக்காரி நான். செவ்வாய்க்குப் போகிறவர்கள் தனிமையைத் தாங்குவார்களா என்று பார்க்க, மரக்காணம் உப்பளத்துக்கு நடுவில் ஒரு பொய்க் கலத்தை நிறுத்தி, எங்களை நாற்பது நாள் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். ஊரை விட்டு வேலை பார்க்கிற உங்களுக்கு இந்தக் கஷ்டம் புதுசில்லை. என்ன, உங்கள் போனில் குரல் உடனே கேட்கும். நாங்கள் பேசினால் வீட்டுக்குப் போய்ச் சேரப் பத்து நிமிஷம், பதில் வர இன்னொரு பத்து. செவ்வாயின் தூரத்துக்காக வேண்டுமென்றே வைத்த தாமதம். எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் தன் அப்பாவோடு இருந்த என் நாலு வயது மகள் யாழினி என்னை மறந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

சண்டை

"பாப்பாவுக்கு மூணு நாளா ஜுரம், இப்ப பரவாயில்ல" என்று வீட்டுக்காரர் சொன்னார். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கத்தினேன். கத்தி, அழுது, "ஸாரிங்க" என்றும் சொல்லி முடித்த பிறகுதான் என் முதல் கத்தலே அவர் காதுக்குப் போனது. அவர் கோபம் வந்து சேர்ந்தபோது எனக்குத் திட்டத் தெம்பில்லை.

உள்ளே கூட இருந்த ஒரே ஆள் மும்தாஜ், கோட்டக்குப்பத்து நர்ஸ். சவூதியில் ஆறு வருஷம் இருந்தவள். "அங்கயாவது போன்ல ஒழுங்கா சண்டை போட முடிஞ்சுதுக்கா. இங்க அதுக்கும் வழியில்ல."

ஆளில்லாத கிரகம்

வாரம் ஒருமுறை கவச உடையில் வெளியே நடக்க வேண்டும். அது செவ்வாய்த் தரை, அங்கே மனுஷர்கள் கிடையாது, யாரைப் பார்த்தாலும் பேசக் கூடாது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இது யாரும் சொல்லவில்லை போல. "ஏம்மா, இந்த வெயில்ல எதுக்கு இதப் போட்டுக்கினு சுத்துற? தண்ணி குடிக்கிறியா?" என்று சொம்பை நீட்டினார்.

நாற்பது நாளில் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்ன ஒரே ஜீவன். பதில் சொல்லாமல் திரும்பி நடந்தேன். அழுகை வந்தது, தலைக்கவசக் கண்ணாடிக்குள் கைவிட்டுத் துடைக்கவும் முடியாது. பின்னாலிருந்து அவர் குரல்: "பாவம், காது கேக்காது போல. யாரு பெத்த பொண்ணோ!"

கேள்வி

வீட்டுக்குப் போனதும் யாழினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மறக்கவில்லை! போன உயிர் திரும்பி வந்தது.

"மறுபடியும் அந்த டப்பாவுக்குள்ள போவியாம்மா?" என்றாள். அடுத்த முறை தொண்ணூறு நாள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். என்ன சொல்வதென்று யோசித்து நான் வாயைத் திறப்பதற்குள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் விளையாட ஓடிவிட்டாள். ஒரு இருபது நிமிஷம் கழித்து வந்து மடியில் உட்கார்ந்தாள். "பதில் வந்திருக்கும்ல? இப்ப சொல்லும்மா."

செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு என்னென்ன ஆகும் என்று எங்களை வைத்துப் பெரிய அறிக்கையே எழுதிவிட்டார்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு அதில் ஒரு வரி ஒதுக்கத்தான் மறந்துவிட்டார்கள்.