நூற்றுத் தொண்ணூற்று நான்கு கோழிகள்

ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருக்கும் தெருமுனையில் வறுவல் கடை ஒன்று இருக்கிறது. சாயங்காலமானால் ஒருவன் மொபெட்டில் வந்து வாழைக்காய்த் தோலை மூட்டை கட்டி எடுத்துப் போகிறான். சாதாரணமாக மூன்று மூட்டை. முகூர்த்த நாளென்றால் ஐந்து. எதற்கு என்று போன வாரம் கேட்டேன். காயவைத்து அரைத்து, கறிக்கோழித் தீவனத்தில் கலக்கிறார்களாம்.

"நெறைய போட்டா எடை ஏறாது சார். அளவோடதான் போடணும்," என்றான்.

எந்த அளவு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் தாமதமாக அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

எனக்கு அப்போது எட்டு வயது. ஜீயபுரத்தில் எங்களுக்கு வாழையும் கொஞ்சம் நெல்லும் இருந்தன. அப்பாவின் தங்கை, என் அத்தை, வையம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். வைகாசியில் ஒருநாள் துணிப்பையோடு தனியாக வந்து இறங்கினாள். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். நானும் கிணற்றடியில் விழுந்திருக்கிறேன், எனக்கு முட்டியில்தான் அடிபட்டது என்று சொன்னேன். அம்மா என்னை வெளியே விளையாடப் போகச் சொன்னாள்.

கொஞ்ச நாளில், காலியாகக் கிடந்த பழைய மாட்டுக் கொட்டகையில் வெள்ளைக் கோழி வளர்க்கப் போவதாக அத்தை சொன்னாள். அந்தக் கோழி எங்கள் பக்கத்துக்குப் புதிது. எட்டு வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும் என்பதையே ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. அப்பாவுக்குத் தங்கைமேல் உயிர். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் இருப்பதற்கு ஊருக்குச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"இந்த ஒரு தடவை வளர்த்துப் பாரு பாப்பா. தேறிச்சுன்னா இங்கயே இரு, ஊர் வாயை நான் பார்த்துக்கறேன். தேறலேன்னா மாப்ள வந்து கூப்பிடறப்ப மறுபேச்சு பேசாம கிளம்பிடணும்."

அம்மா இதை எனக்குச் சொன்னபோது நான் உத்தியோகத்துக்குப் போய்விட்டிருந்தேன். எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோழி வரப்போகிறது என்பதுதான்.

ஆடி பிறந்ததும் இருநூறு குஞ்சுகள் அட்டைப்பெட்டிகளில் வந்தன. முதல் வாரத்தில் ஆறு செத்துப்போயின. அன்றிலிருந்து தினமும் எண்ணும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஓடுகிற கோழியை எண்ணுவது லேசல்ல. கொட்டகையைப் பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு சந்து விட்டு, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஓட்டுவேன். பத்துக் கோழி தாண்டினால் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை. சந்தேகம் வந்தால் திருப்பி ஓட்டுவேன். எனக்குச் சந்தேகம் அடிக்கடி வரும்.

"கணக்குப்புள்ள, இன்னிக்கு எத்தனை?"

"நூத்தித் தொண்ணூத்தி நாலு அத்தை."

"நேத்திக்கு?"

"நேத்திக்கும் அதேதான்."

"சம்பளம் கூட்டிக் கேட்டுடாதடா," என்பாள். அவள் சிரித்துப் பார்த்ததெல்லாம் அந்தக் கொட்டகையில்தான்.

கம்பெனித் தீவனம் மூட்டையாக விற்றது. முதல் இரண்டு வாரத்துக்கு மேல் அதை முழுதாக வாங்கிப்போட வசதியில்லை. அத்தை கையில் கிடைத்ததையெல்லாம் கலக்க ஆரம்பித்தாள். ரைஸ்மில்லிலிருந்து தவிடும் குருணையும் வாங்கி வந்தாள். பசுவுக்கு வைத்திருந்த கடலைப் புண்ணாக்கை அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா எடுத்துக் கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேல் வாழைக்காய்த் தோல். ஸ்ரீரங்கத்து வறுவல் கடையில் அதைக் கொட்ட இடமில்லாமல் இருந்தார்கள். அத்தை பஸ்ஸில் போய் மூட்டையாகக் கொண்டுவந்து, வெயிலில் உலர்த்தி, உரலில் இடித்துச் சலிப்பாள். வாழைக்கறை ஏறி அவள் உள்ளங்கை இரண்டும் கறுத்துவிட்டன. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

கோழிகள் முதலில் குருணையை மட்டும் பொறுக்கிவிட்டுத் தோல் மாவை ஒதுக்கின. அத்தை தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தாள். பிறகு தின்றன. நன்றாகத் தின்றன. தின்கிற கோழி வளரும் என்று அவள் நினைத்தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

ஆவணிக் கடைசியில், பேசி வைத்தபடி, பாலக்கரையில் கோழிக்கடை வைத்திருந்த பாய் வந்தார். ஒரு கோழியைத் தூக்கி, கட்டைவிரலால் நெஞ்செலும்பை நீவிப் பார்த்தார்.

"ஏறலியே தங்கச்சி. எட்டு வாரக் கோழியா இது?"

"தீனியெல்லாம் நல்லாத்தாங்க எடுக்குது."

"எடுக்கும். ஒடம்புல நிக்கணும்ல?" அத்தையின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, விடு. பத்து நாள்ல நம்ம பக்கம் ஒரு கல்யாணம் இருக்கு. பிரியாணிக்குத்தான், எல்லாத்தையும் எடுத்துக்கறேன்."

பத்து நாள் என்றால் புரட்டாசி பிறந்துவிடும். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கறி கிடையாது. சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் தளிகை. அதுவரை ஓரமாக நின்றிருந்த அப்பா, "அந்த மாசம் எங்க வீட்டுலேர்ந்து ஒரு உசுரு கறிக்குப் போகாது பாய். ஐப்பசி பொறக்கட்டும்," என்றார்.

"கோழி மாசம் பார்த்தா திங்குது அண்ணே?"

"நாங்க மாசம் பார்ப்போம்ல."

"அண்ணே, இந்த ஒரு தடவை…" என்றாள் அத்தை. அப்பா உள்ளே போய்விட்டார். அம்மா பின்னாலேயே போனாள். உள்ளே நெடுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. பாய் டீயைக் குடித்துவிட்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

அந்த மாதம் முழுக்கக் கோழிகளை உட்காரவைத்துத் தீனி போட வேண்டியிருந்தது. கம்பெனித் தீவனம் அடியோடு நின்றது. தவிடும் தோலும்தான். கோழிகள் நெட்டையாகிக் கழுத்து நீண்டு, சத்தம் கேட்டால் குதித்து ஓடின. தவிடு அள்ளப் போனால் மில்லில் சாக்குப் பிடிக்கிறவர், "ஏம்மா, உங்க வீட்டுக் கோழியும் சனிக்கிழமை விரதமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். "ஆமாங்க, உங்க தவிட்டைத் தின்னா விரதந்தானே," என்பாள் அத்தை. அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை என்னையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனாள். தெரு கொள்ளாத கூட்டம். எல்லோர் கையிலும் துளசி. எங்கள் கையில் தோல் மூட்டை. அதை வைத்துக்கொண்டு கோயிலுக்குள் போக முடியாது. அத்தை மூட்டையைக் காலடியில் இறக்கி, கோபுரத்தைப் பார்த்துக் கறுத்த கைகளைக் கூப்பினாள்.

"என்ன வேண்டிக்கிட்ட அத்தை?"

"இந்த மாசம் சீக்கிரம் போவணும்னு."

பெருமாளிடமே அவருடைய மாதத்தைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லலாமா என்று எனக்குக் கவலையாக இருந்தது. பஸ்ஸில் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழை வந்தது. பக்கத்து ஊரில் நாட்டுக்கோழிகளுக்குச் சீக்கு வந்து கொத்தாகச் செத்தன. எங்கள் கொட்டகையில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஈரம் தட்டாமல், தரையில் பரப்பிய உமியை அத்தை தினம் மாற்றுவாள். சாரல் அடித்தால் தன் பழைய புடவையை எடுத்துத் தட்டிக்குக் கட்டுவாள். நான் தினமும் எண்ணிச் சொன்னேன்: நூற்றுத் தொண்ணூற்று நான்கு. பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். எங்கள் அத்தை ஜெயித்துக்கொண்டிருக்கிறாள் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. சந்தேகம் வராத ஒரே விஷயம் அதுதான்.

ஐப்பசி முதல் தேதி பாய் கூடைகளோடு வண்டியில் வந்தார். இந்தத் தடவை ஒரு கோழியைத்தான் தொட்டுப் பார்த்தார். காலைக் கட்டித் தராசில் தொங்கவிட்டபோது அப்பாவும் அம்மாவும் கிட்டே நின்றார்கள். முள்ளைப் பார்த்ததும் அப்பா தரையைப் பார்த்தார். இரண்டு கோழி சேர்ந்தால்தான் ஒரு கோழியின் எடை வரும் போலிருந்தது.

"சூப்புக்குத்தான் ஆவும் தங்கச்சி," என்றார் பாய். "மனசு கேக்கல. எடுத்துக்கறேன்."

கூடையில் போடப் போட நான் உரக்க எண்ணினேன். கடைசிக் கோழி உள்ளே போனதும், "நூத்தித் தொண்ணூத்தி நாலு! ஒண்ணுகூடக் குறையல அத்தை!" என்று கத்தினேன்.

"ஆமாண்டா கணக்குப்புள்ள. ஒண்ணுகூடக் குறையல," என்றாள்.

மூன்றாம் நாள் வையம்பட்டி மாமா வந்தார். மணப்பாறை முறுக்கு வாங்கி வந்திருந்தார். ஆறு முறுக்கில் எனக்கு இரண்டு கொடுத்தார். அப்பாவிடம் மழையைப் பற்றியும் வாழைத்தார் விலையைப் பற்றியும் மரியாதையாகப் பேசினார். அத்தை குளித்து, நல்ல புடவை கட்டி, அதே துணிப்பையோடு வந்தாள். அப்பா பஸ் நிறுத்தம் வரைகூடப் போகவில்லை. வயலில் தண்ணீர் பாய்கிறது என்றார். மழைக்காலத்தில் என்ன தண்ணீர் என்று நான் கேட்டேன்.

அதன்பிறகு விசேஷங்களுக்கு அத்தை வருவாள். பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுவாள். மறுபடி கணக்குப்புள்ள என்று அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.

அன்று பஸ் போனதும் கொட்டகைப் பக்கம் போனேன். உமியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கோழிகளுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா அழுவற? ஒண்ணுகூடச் சாகலம்மா. நான் எண்ணிட்டேன்."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது. எண்ணியதில் எங்கோ தப்பு விட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அவள் மடியில் கிடந்தபடி, கூடைகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, ஒன்றிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினேன்.