எலுமிச்சை ஷாம்பூவும் குப்பத்து ஸ்டாப்பிங்கும்

போன வாரம் ஊரப்பாக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போனேன். கடையா அது, சின்னக் கல்யாண மண்டபம். ஏசி குளிரில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். கவுண்டரில் நின்ற பெண் கேட்காமலே என் மணிக்கட்டில் ஒரு சொட்டு க்ரீமைத் தடவி, "டெஸ்ட் பண்ணிப் பாருங்க ஆன்ட்டி, நாளைக்கு வரைக்கும் அரிக்கலைன்னா மூஞ்சில போடலாம்" என்றாள். நான் பழக்க தோஷத்தில் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமே வரவில்லை. "இதுல வாசனையே இருக்காது ஆன்ட்டி, அதான் ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். வாசனை இல்லாததற்கு விலை அதிகமாம். இதை உடனே மல்லிகாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மல்லிகா யாரென்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நானும் அவளும் கவுண்டரில் நின்றோம். நான் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ரயிலில் வருவேன். அவள் மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வருவாள். காலையில் ஷட்டர் தூக்கியதும் ஷாம்பூ பாக்கெட்டுகளைச் சரம் சரமாக வாசலில் தொங்கவிடுவது அவள் வேலை. காற்றடித்தால் அவை சலசலக்கும். மாத்திரை வாங்க வந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு போவார்கள்.

கம்பெனி ஆட்கள் வரும்போதெல்லாம் சாம்பிள் கொடுத்துவிட்டுப் போவார்கள். வேப்பிலை சோப்பு, கற்றாழை ஜெல், வெள்ளரிக்காய் க்ரீம், ஏழே நாளில் சிவப்பாக்கும் என்று சத்தியம் செய்த ஒரு களிம்பு. எல்லாவற்றையும் நாங்கள் போட்டுப் பார்த்தோம். அதற்கு மல்லிகா ஒரு முறை வைத்திருந்தாள். முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும்தான் புதுசு; மறு பாதி சும்மா இருக்க வேண்டும். "ரெண்டு பக்கமும் பூசிகினா எது வேல செஞ்சிதுன்னு எப்டி தெரியும்?" என்பாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு அறிவியல் சொல்லித்தந்தவர்கள் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஒருநாள் நான் இடது கன்னத்தில் காலமைன் லோஷனைத் தடவிக்கொண்டு மறந்தே போனேன். காய்ந்து ரோஸ் நிறத்தில் ஒட்டிக்கிடந்த அதோடு மதியம் வரை வியாபாரம் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு பெரியவர்தான், "இன்னாம்மா, ஒரு பக்கம் மட்டும் சொவத்துக்கு பெயின்ட் அடிச்சிகிற?" என்று கேட்டார். முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இது கடையா, பியூட்டி பார்லரா?" என்று முனகினார்.

தலைமுடிக்கும் அதே முறைதான். மல்லிகா இரட்டைச் சடை போடுவாள். இடது சடைக்கு ஒரு ஷாம்பூ, வலது சடைக்கு இன்னொன்று. கடைக்கு வந்து பையை மாட்டியதும் தலையைக் குனித்து என் மூக்கருகே நீட்டுவாள்.

"மோந்து பாரேன். வாசன வருதா?"

"எலுமிச்சை வருது."

"அது இல்லடி. மீன் வாசன வருதா?"

இதுதான் விஷயம். எனக்கு முகம் பளபளப்பாக வேண்டும் என்ற ஆசை, கொஞ்சம் வேடிக்கை, அவ்வளவுதான். அவளுக்கு அப்படியில்லை. பஸ்ஸில் அவள் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். தினமும் இல்லை, ஆனால் அடிக்கடி. சிலர் நாசூக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள், சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபடியே வருவார்கள். கடைக்கு வந்து சேரும்போது அவள் முகம் சிறுத்துப் போயிருக்கும். மீன் வாசனையே இல்லை என்று நான் எத்தனை முறை சொல்லியும் நம்பமாட்டாள். "உனுக்கு பழகிப்பூச்சி. பஸ்ல எழுந்து போறாங்களே, அவங்கல்லாம் பொய்யா எழுந்து போறாங்க?" என்பாள்.

வாசனை என்றதும் அப்பா நினைவுக்கு வருகிறார். அவர் கோயில் மடைப்பள்ளியில் இருந்தார். வேலை முடிந்து வந்தால் நெய்யும் விறகுப் புகையும் புளிக்காய்ச்சலும் கலந்து ஒரு வீச்சம் அவர் மேல் அடிக்கும். எந்த சோப்பாலும் போகாது. ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்பவர்கள், "ஆஹா, கோயில் வாசனை" என்று நெருங்கி உட்கார்வார்கள். அதையும் இதையும் அப்போது நான் சேர்த்து யோசித்துப் பார்த்ததில்லை.

ஒருநாள் மல்லிகா, "எங்கூட்டு தண்ணில எந்த பாக்கெட்டும் நுரைக்கவே மாட்டேங்குது" என்றாள். எனக்குள் மணி அடித்தது. குப்பத்துக் கிணற்றில் உப்புத் தண்ணீர். நுரை இல்லையென்றால் அழுக்கு போகாது, அழுக்கு போகாவிட்டால் வாசனை போகாது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். செங்கல்பட்டுத் தண்ணீரைக் கேனில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவது, ஒரே தண்ணீரில் ஒரே எலுமிச்சை ஷாம்பூவால் இருவரும் தலை குளிப்பது, காலையில் ஒன்றாகவே பஸ் ஏறுவது என்று திட்டம் போட்டோம். வீட்டில் அனுமதி வாங்க நான் பட்ட பாடு தனிக் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேனும் கையுமாகப் போய் இறங்கினேன். மல்லிகாவின் அம்மா என்னைவிடக் கேனைத்தான் அதிசயமாகப் பார்த்தார். "இன்னா பொண்ணே, கடலாண்ட வர்றதுக்கு தண்ணி கொண்ணாந்துகிற?" என்று சிரித்தார். அப்புறம் அவருக்கு ஒரே கவலை. "மீன் துன்னாத பொண்ணுக்கு இன்னாத்த ஆக்கறது?" என்று அக்கம்பக்கமெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தக்காளி ரசமும் அப்பளமும் போட்டார். அந்த ரசத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை கேன் தண்ணீரில் ஷாம்பூ பொங்கிக்கொண்டு நுரைத்தது. மல்லிகா நுரையைக் கை நிறைய அள்ளி அம்மாவிடம் காட்டினாள். "பாரும்மா, பாரும்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

குப்பத்து ஸ்டாப்பிங்கில் கூடைக்காரம்மாக்கள் சிலரோடு நாங்களும் ஏறினோம். இரண்டு இடம் தனித்தனியாகக் காலியாக இருந்தது. மல்லிகா முன்னால் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால், தலை நிறையக் கதம்பம் வைத்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கண்ணெல்லாம் அந்தக் கல்லூரிப் பெண் மேல்தான். அவள் எழுந்துவிடக் கூடாதே என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்திலிருந்து நிமிரவேயில்லை.

எழுந்தது என் பக்கத்து அம்மாதான். நான் ஏறிய நிறுத்தத்தை ஜன்னல் வழியாக ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். முந்தானையால் மூக்கை மூடினார். "தள்ளும்மா" என்று என்னைத் தாண்டிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறந்ததிலிருந்து மீனைக் கையால் தொட்டதில்லை நான். என் தலையில் செங்கல்பட்டுத் தண்ணீரும் எலுமிச்சை ஷாம்பூவும்தான் இருந்தன. முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அந்த அம்மா மேல் வந்த கோபத்தைவிட, நுரையைக் கண்டு துள்ளிய என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

முன்னாலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த மல்லிகா எழுந்து வந்தாள். காலியான இடத்தில் உட்கார்ந்தாள். என் ஈரத் தலையில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து மோந்தாள்.

"எலுமிச்சங்கா வாசனதான்டி அடிக்குது" என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப இத்தினி நாளா நான் இன்னாத்தக் கழுவிகினு இருந்தேன்?" என்றாள்.

திருக்கழுக்குன்றம் மலை தெரியும் வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த எலுமிச்சை ஷாம்பூ இப்போது வருவதில்லை. எங்கள் மெடிக்கல் ஷாப் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சாலையை அகலப்படுத்தியபோது குப்பத்து ஸ்டாப்பிங் தள்ளிப் போய், இப்போது ஒரு ரிசார்ட்டின் பேரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் பின்னால் போனவை. எனக்குத் தெரிந்து முதலில் போனது வேறு ஒன்று.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை மல்லிகா வழக்கம்போலக் கடைக்கு வந்தாள். பையை மாட்டினாள். இரட்டைச் சடை இல்லை, ஒற்றைச் சடை. நான் பழக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் ஷாம்பூ சரங்களை அள்ளிக்கொண்டு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? கஸ்டமர் வந்துகிறாங்க பாரு."