செவலையின் விரதம்

அம்மனின் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரன்கோவிலில் சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்காது. அந்த நாட்களில்தான் அன்னக்கிளிக்குப் பிழைப்பு. ரத வீதிக்குப் பின்னால் கணவன் விட்டுப்போன காலி மனையில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தினாள். டோக்கன் கொடுப்பது அவள், காவல் செவலை. டோக்கன் இல்லாமல் எவனாவது சைக்கிளில் கை வைத்தால் அந்த நாய் வேட்டியைக் கவ்விக்கொள்ளும்.

தபசு முடியும்வரை அன்னக்கிளி விரதம், ஒருவேளைச் சாப்பாடுதான். 1979-ல் கொடியேறிய மறுநாள், செவலையும் சோற்றை மோந்து பார்த்துவிட்டு விலகியது. பக்கத்து வீட்டு ஜுலைகா பீவி போட்ட கறி எலும்பையும் தொடவில்லை. படுக்க இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தது, படுத்தது, முடியாமல் எழுந்து மறுபடியும் சுற்றியது.

கோவிலில் பெண்கள் நேர்ந்துகொண்டு பிரகாரத்தில் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்த நேரம். அன்னக்கிளிக்கு வேறென்ன தோன்றும்?

“எங்க செவலை விரதம் இருக்கு. ஆடிச்சுத்தும் சுத்துது” என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள்.

“எத்தனை சுத்து நேந்திருக்காம்?” என்றார் சிவகிரிக் காய்கறி வியாபாரி சங்கரசுப்பு.

“உமக்கும் சேத்துத்தான் அண்ணாச்சி. நீரு வாசல்ல நின்னு மிச்சர் தின்னும்.”

செய்தி பரவியது. சைக்கிள் இல்லாதவர்களும் நாயைப் பார்க்க வந்தார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். செவலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டில் போய் ஒடுங்கும். “வா செவலை, வெளியூர்லருந்து வந்திருக்காவ” என்று அன்னக்கிளி கழுத்துக் கயிற்றைப் பிடித்து வெளியே இழுப்பாள்.

ஜுலைகா பீவிதான் முதலில் சந்தேகப்பட்டாள். “ஏட்டி, நாங்களும் நோம்பு புடிக்கோம். அந்திக்குத் தொறக்கும்போது தண்ணியத்தானே தேடுவோம்? இது ரெண்டு நாளா தண்ணிச் சட்டியத் திரும்பியும் பாக்கலியே.”

அன்னக்கிளி உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி நீட்டினாள். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. காலெல்லாம் சில்லென்று இருந்தது.

தள்ளுவண்டியில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வலிக்கு ஊசி போட்டார்.

“ஈரல் போயிட்டும்மா. முன்னாலயே வந்திருந்தாலும் பொழைச்சிருக்குமான்னு சொல்ல முடியாது. வலி தாங்காம எங்கயாவது ஒதுங்குச்சா?”

அன்னக்கிளி தலையை மட்டும் ஆட்டினாள். ஒதுங்கியதை இழுத்து வந்தது யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

தபசு அன்று ஸ்டாண்டின் கதவைச் சாத்திவிட்டாள். வெளியே தட்டினார்கள்: “சாமி நாயப் பாக்க வந்தோம்.”

“சாமியுமில்ல பூதமுமில்ல. சாகக் கெடக்கு. கூட்டம் போடாதிய.”

தொட்டிக்குப் பின்னால் கோணியை விரித்து அதைக் கிடத்தித் தலையைத் தடவினாள். செவலை மெல்லத் தலையை இழுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பியது. இனியாவது அதன் விருப்பத்துக்கு விடுவோம் என்று கையை எடுத்துக்கொண்டு போய்க் கதவடியில் உட்கார்ந்தாள். தெருவெல்லாம் ஜனம் தபசுக் காட்சிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் அடங்கி அவள் எழுந்து போய்ப் பார்த்தபோது உடம்பு விறைத்திருந்தது. ஜுலைகா பீவி வந்து தோளைத் தொட்டாள்.

“தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் தள்ளி இருந்தேன்” என்றாள் அன்னக்கிளி. “நானும் விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சிருக்குமோ?”