லைஃப் ஜாக்கெட்டில் ஒரு பாக்கெட்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார்.

"இன்னொண்ணு எங்க?" என்று கேட்டாள் அம்மா.

"அது படகுல ஏறும்போது தண்ணியோட போயிட்டு. நான் வந்துட்டம்லா?"

அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பு தானாக நீரில் குதிப்பதில்லை. அதற்குள் ஒரு கால் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலுக்கு உரியவர், நீந்தத் தெரியாதவர்...

அப்பாவை இந்தப் பத்தியின் வாசகர்கள் அறிவார்கள். தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். கடையிலிருந்து வரும் எதையும் வந்தபடியே விட்டுவைக்கமாட்டார். என் கல்லூரிப் பை, அம்மாவின் மழைக்கோட்டு, மிக்ஸியின் உறை — அவருடைய மெஷினுக்கு ஒருமுறை போய்வந்த பிறகுதான் ஒரு பொருள் எங்கள் வீட்டுப் பொருளாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மெஷினுக்கு ஓய்வு. ட்ராம்பே படகுத்துறையில் நண்பர் பாண்டுரங் மாமாவின் சிறிய மோட்டார் படகில் ஏறி, கழிமுகத்தில் தூண்டில் போடப் போய்விடுவார்.

போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதனால் லைஃப் ஜாக்கெட் வாங்கப் போனேன்.

நுரை வைத்துத் தைத்த தடித்த ஜாக்கெட்டை அவர் முன்பே நிராகரித்திருந்தார். "அதப் போட்டா இட்லிச் சட்டிக்குள்ள உக்காந்த மாதிரிலா இருக்கும்!" எனவே, காற்று நிரம்பும் வகை. அணியும்போது தோளிலிருந்து இறங்கும் இரண்டு பட்டைகள் போலத்தான் தெரியும். உள்ளே ஒரு காற்றுப்பை மடிந்து கிடக்கும். விரல் நீளச் சிலிண்டர் ஒன்று அதை நொடியில் நிரப்பிவிடும்.

இதிலும் இரண்டு வகை உண்டாம். ஒன்றில், விழுந்தவரே கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். மற்றொன்று, நீரில் மூழ்கியதும் தானே விரிந்துகொள்ளும்.

மூழ்குகிறவர் கயிற்றையா தேடுவார்? மூச்சையல்லவா தேடுவார்!

"தானா விரியுறதுல, அலை பலமா அடிச்சாலும் சில நேரம் வீணா விரிஞ்சிடும், மேடம்" என்று எச்சரித்தார் கடைக்காரர். வீணாக விரிந்தால் விரிந்துவிட்டுப் போகட்டும். விரியாமல் போவதுதானே என் பயம்?

அப்பாவின் எடையைத் தாங்குமா, ஜாக்கெட் கழுத்துக்கு மேலேறாமல் இருக்கத் தொடைவழியே பட்டை உண்டா, சிலிண்டர் கைவிட்டால் வாயால் ஊதக் குழாய் உண்டா என்றெல்லாம் பார்த்தேன். மழைக்கோட்டுக்கு உள்ளே அணியக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலேதான் அணிய வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டேன். வீட்டில் குழாய்வழி ஊதி ஒரு நாள் முழுவதும் வைத்துப் பார்த்தேன். சற்றும் தளரவில்லை. காற்றை வெளியேற்றி, பழையபடி மடித்து, அப்பாவிடம் கொடுத்தேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை அப்பா கிளம்பிப் போனதும், முதல்முறையாக நிம்மதியாகப் புத்தகத்தைத் திறந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"நீ வாங்கிக் குடுத்தியே அந்தக் கோட்டு... உங்கப்பா நேத்து அதுல ஒரு பாக்கெட் வச்சுத் தச்சிருக்காரு பாரு, கம்பெனிக்காரன் தோத்தான்!"

"எங்கம்மா தச்சாரு?" என்று கேட்டேன், புத்தகத்தை மூடியபடி.

அம்மா கத்தியை வைத்துவிட்டு, தன் நெஞ்சின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

காற்றுப்பை மடிந்து கிடக்கும் இடம் அதுதான்.

போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல், பதற்றமே இல்லாமல், மும்மொழிகளில் சொல்லியது. ஆட்டோ பிடித்தேன். செம்பூரைக் கடக்கும்வரை ஓட்டுநரை விரட்டிக்கொண்டே இருந்தேன். படகுத்துறையில் இறங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது — இங்கே நான் என்ன செய்ய முடியும்? எனக்கும் நீந்தத் தெரியாது.

நீர் வற்றி, சேறு கறுத்துக் கிடந்தது. தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு படகிலும் தலைகளை எண்ணினேன். ஒரு படகில் ஒரே ஒரு தலை. அது நெருங்கி, அதில் இருந்தவர் வேறு யாரோ என்று தெரியும்வரை வேறு எந்தப் படகையும் எண்ணவில்லை.

கடைசியில் அவர்கள் வந்தார்கள். எப்போதும் நடுப்பலகையை விட்டு அசையாத அப்பா, அன்று விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டபடி வந்தார்! ஜாக்கெட் தந்த துணிச்சல்.

"ஆஜ் தேரா பாப் ஹீரோ பன் கயா, பேட்டி!" என்று படகிலிருந்தே கூவினார் பாண்டுரங் மாமா. அப்பா இன்று ஹீரோ ஆகிவிட்டாராம்.

என் முகத்தைப் பார்த்ததும் அப்பா எழுந்துவிட்டார். "ஏட்டி, என்னாச்சு? அம்மைக்கு என்ன?"

"முதல்ல நீங்க கரைக்கு வாங்கப்பா."

வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, குழாயில் வாய் வைத்து ஊதினேன். அரைகுறையாக உப்பியது. பின்பு, பாக்கெட்டைச் சுற்றியிருந்த அழகான தையல் வரிசை முழுவதும் மெல்லச் சீறத் தொடங்கியது. மடிப்பு மடிப்பாக இருந்த பையை ஊசி ஒரே ஓட்டத்தில் பல இடங்களில் துளைத்திருந்தது. அப்பாவின் உள்ளங்கையை எடுத்து அந்தத் தையலின்மேல் வைத்தேன்.

"காத்து அந்தக் குப்பிக்குள்ளல்லா இருக்கு?" என்றார். "நான் குப்பியத் தொடவே இல்லியேட்டி..."

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜாக்கெட் சுருங்கித் துணியாயிற்று. பாண்டுரங் மாமா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

நாம் பயத்தை விலை கொடுத்துத் தீர்க்கப் பார்க்கிறோம். ஹெல்மெட், பூட்டு, காப்பீடு, ஜாக்கெட்... வாங்கிய பொருள் பயத்தை உடனே போக்கிவிடுகிறது. ஆபத்தை என்ன செய்தது என்று எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறோம்? முன்பு பயந்து நடுவில் உட்கார்ந்திருந்தவரை, ஓட்டை ஜாக்கெட் ஒன்றை மாட்டி விளிம்புக்கு அனுப்பியிருந்தேன் நான்.

திரும்பும் வழியில், ஆட்டோவில், கேட்டேவிட்டேன்: "எதுக்குப்பா அங்க போய் ஒரு பாக்கெட்?"

அப்பா வெளியே பார்த்தபடி சொன்னார்:

"நீதான நான் போனா சும்மா சும்மா போன் அடிக்க? எடுக்கலன்னா பயந்துருத. அதான்... சத்தம் கேக்குற மாதிரி நெஞ்சுகிட்ட வச்சிக்கிட்டேன்."



புதிய ஜாக்கெட் வந்துவிட்டது. அதில் பாக்கெட் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது போன் செய்வதில்லை — போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.