நீலப் புள்ளி

நான் ஒரு சந்தேகப் பிராணி. எண்ணூர்ப் பக்கம் இத்தனை வருஷம் குடியிருந்தால் யாரும் அப்படித்தான் ஆவார்கள். காற்றில் புதிதாக ஒரு வாசனை வந்தால்கூட, எந்த ஆலையில் எது கசிகிறதோ என்றுதான் முதலில் தோன்றும்.

சர்க்கரை ஏறியதால் டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கழிமுகத்தை ஒட்டிய முட்காட்டுக்குப் போவேன். ஒருநாள் மணலில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. எங்கள் பக்கம் தரையில் அப்படி நிறம் தெரிந்தால், நிலம் அளப்பவர்கள் வைத்துவிட்டுப் போன பெயிண்ட் என்று அர்த்தம். கொஞ்ச நாளில் அங்கே சுவர் எழும்பும். இங்கேயுமா வந்துவிட்டார்கள் என்று எரிச்சலோடு குனிந்தேன்.

பூ. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, தரையோடு படர்ந்த விஷ்ணுகிரந்தி. நாட்டு மருந்துக் கடையில் சருகாகப் பார்த்திருக்கிறேன், உயிரோடு பார்த்ததில்லை. அப்போதும் நம்பிக்கை வராமல், சாயம் ஒட்டுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது. மண்டியிட்டு போனில் நாலைந்து படம் எடுத்தேன்.

“இன்னா சார், அளந்துகினு கீறியா?”

பின்னால் ஒரு அம்மா, தலையில் முள்விறகுக் கட்டோடு நின்றிருந்தார். காட்டோரம் தெரிந்த கடைசிக் குடிசை அவருடையது.

“இல்லம்மா, பூவைப் பாக்குறேன்.”

“பூவைப் பாக்க இங்க எவன் வருவான்? போன தபா ரெண்டு பேரு குருவியப் படம் புடிக்கிறோம்னாங்கோ. அப்பாலதான் அந்தாண்ட சுவரு வந்துச்சு. எங்க அக்கா வூடு பூட்ச்சு. மிச்சம் கீறது என் வூடுதான்.”

போனை நீட்டிப் படத்தைக் காட்டினேன். அவர் படத்தில் பூவைப் பார்க்கவில்லை, அதைச் சுற்றியிருந்த மண்ணைத்தான் பார்த்தார்.

“அழிச்சிடு.”

அவர் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தேன். அப்படியும் நம்பாமல், நான் ரோடு ஏறும் வரை பின்னாலேயே வந்தார். என்னைப் போய் ஒருத்தர் சந்தேகப்படுவதா என்று எனக்கு ரோஷம்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். பூத்திருந்தது. இரண்டடி தள்ளி, புதிதாக நட்டிருந்த கல்லின் தலையில் நீலப் பெயிண்ட். இந்த முறை குனிந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

குடிசை வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று கையை ஆட்டினேன். போன வாரம் கேட்டதையாவது அவர் மறுபடி கேட்டிருக்கலாம். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.